என் எண்ணுக்கு வந்த சிவப்பு

முப்பது வருஷத்துக்கு மேலாக மணலில் வேலை செய்கிறேன். கடற்கரை மணல் இல்லை. லாரியில் வந்து இறங்கி, சலித்து, மருந்து கலந்து, மரப்பெட்டியில் அடித்து, காற்று ஏற்றிக் கெட்டியாக்குகிற மணல். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குப் பின்னால் எங்கள் வார்ப்புப் பட்டறை இருக்கிறது. காலடிப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போவேன். லாரி நெரிசல் என்று சொல்லி ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. நெரிசல் இருக்கும் என்று தெரிந்த ஊரில் முன்னாலேயே கிளம்புவதுதானே முறை.

நாங்கள் வார்ப்பது சாம்பல் இறைக்கும் பம்பின் சக்கரம். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகத் தள்ளுவார்கள். வள்ளூர்ப் பக்கம் போனால் அந்தக் குழாய்களைப் பார்க்கலாம். பம்புக்குள் சுழலும் சக்கரத்தில் சாம்பல் சேறு நுழைந்து வெளியேற வளைவு வளைவாக வழிகள் இருக்க வேண்டும். உருகிய இரும்பை ஊற்றும்போது அந்த வழிகள் அடைந்துவிடக் கூடாது. அதற்காக, வழி எந்த வடிவமோ அதே வடிவத்தில் மணல் உரு ஒன்று செய்து அச்சுக்குள் வைப்போம். அதற்குக் கோர் என்று பெயர். இரும்பு ஆறியதும் கோரைத் தட்டி உதிர்த்துவிடுவார்கள். நான் செய்தது தூளாகக் கீழே கிடக்கும். அது இருந்த இடம் மட்டும் சக்கரத்தின் வயிறாக நிற்கும்.

மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இப்படி மெதுவாக எழுதவும் செய்வேன். ஆனால் பெட்டிக்குள் மணல் எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது பெருமைதான். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு என்று நினைத்திருந்தேன், இப்போதும் நினைக்கிறேன். நடுவில் ஒரு வியாழக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை அது ஆட்டம் கண்டது.

முதலில் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இன்ஜினியராக வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே எங்கள் மரப்பெட்டிகளையெல்லாம் எடுத்துப்போய், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் சுற்றிச் சுற்றி ஒளி அடித்துப் படம் பிடித்தாள். அப்புறம் எங்களைக் கூட்டி விளக்கினாள்.

"இனிமே நாம ஊத்துற ஒவ்வொரு சக்கரத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு இரட்டை இருக்குங்கம்மா. யாரு கோர் செஞ்சாங்க, என்னைக்கு ஊத்துனாங்க, எந்தப் பம்புல மாட்டுனாங்க, எல்லாம் அதுல ஏறிரும். நெசச் சக்கரம் தேயத் தேய அதுவும் அங்க தேயும். எப்போ மாத்தணும்னு அதுவே முன்னாடி சொல்லிரும்."

எதிர் மேசைக்காரி உடனே கேட்டாள். "அப்ப அந்த ரெட்டையவே பம்புல மாட்டிட வேண்டிதானே? எங்கள இன்னாத்துக்கு மணலு வாரச் சொல்றே?"

எல்லோரும் சிரித்தோம். இன்ஜினியர்ப் பெண்ணும் சிரித்தாள்.

எதிர் மேசைக்காரி தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறவள். துப்பட்டாவைத் தலையோடு இறுக்கி முடிந்துகொண்டு நின்றாள் என்றால் மதியம் வரை நிமிரமாட்டாள். கணவன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஒரே ஆள் அவள்தான். எனக்கு இருபது வயது இளையவள். என்னை யக்கா என்பாள். என் சாப்பாட்டில் பாதி அவளுடையது, அவள் சாப்பாட்டில் பாதி என்னுடையது.

கோர் செய்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். எனக்கு ஒன்று, அவளுக்கு நான்கு. மேசையில் ஒரு சின்னத் திரை வைத்தார்கள். எங்களில் பாதிப் பேருக்குப் படிக்க வராது என்பதால் அதில் படம் போட்டுக் கொடுத்தாள் அந்தப் பெண். கோர் நன்றாக வந்தால் பச்சையைத் தொட வேண்டும். உடைந்தால் சிவப்பு.

சிவப்பை யாரும் தொடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பெட்டியிலிருந்து தூக்கும்போது கோர் சில சமயம் மூலையில் பொட்டென்று உடையும். உடைந்தால் சூப்பர்வைசர் பத்துப் பேர் முன்னால் கத்துவார். அதனால், கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே, உடைந்த கோரை ஒட்டிவிடுவது எங்களுக்குள் வழக்கம். சர்க்கரை ஆலையிலிருந்து வரும் கறுப்புப் பாகில் பொடி மணலைக் குழைத்து, விரலால் அடைத்து, கரண்டிக் காம்பால் வழித்து, மேலே கறுப்புப் பூச்சு அடித்தால் தெரியவே தெரியாது. அந்த வேலையில் எனக்கு நிகர் யாரும் இல்லை. யார் மேசையில் உடைந்தாலும் என்னிடம்தான் வரும். சூப்பர்வைசர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துக் கொடுப்பேன். கொண்டுவந்தவள் அதைத் தன் மேசைக்கு எடுத்துப்போய்ப் பச்சையைத் தொடுவாள். ஒட்டியது நான், எண் அவளுடையது. இதில் தப்பு இருப்பதாக ஒரு நாளும் தோன்றவில்லை. கூட வேலை செய்கிறவளுக்குக் கை கொடுத்தேன், அவ்வளவுதான்.

எதிர் மேசைப் பெட்டி பழையது. ஒரு மூலை கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். அதனால் அவளிடமிருந்துதான் உடைந்த கோர் அதிகம் வரும்.

ஒரு வியாழக்கிழமை மதியம் எல்லோரையும் பெரிய டிவி முன்னால் கூப்பிட்டார்கள். எட்டு மாதம் ஓட வேண்டிய சக்கரங்கள் சில மூன்று மாதத்தில் ஓட்டை விழுந்து திரும்பி வந்திருக்கின்றன என்றாள் இன்ஜினியர்ப் பெண். திரையில் சக்கரம் மெல்லச் சுழன்றது. நல்ல இடமெல்லாம் பச்சை. தேய்ந்து போன இடம் சிவப்பு. ஒன்றை மாற்றி இன்னொன்று காட்டினாள். அப்புறம் எந்த எண்ணில் எத்தனை சிவப்பு என்று வரிசையாகக் காட்டினாள். மற்ற மேசைகளில் அங்கொன்று இங்கொன்று. நான்காம் எண்ணில் பதிமூன்று. ஒன்றாம் எண்ணில் ஒன்றுகூட இல்லை.

சூப்பர்வைசர் என் பக்கம் கை காட்டினார். "பெரீம்மாவப் பாத்துக்கங்க. இந்த வயசுல ஒரு செவப்பு கீதா? மணலத் தொட்டா இப்படித் தொடணும்."

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். அதை மறைக்க மாட்டேன். நல்லாத்தான் இருந்தது.

அதே மூச்சில் அவர் எதிர் மேசைக்காரியைப் பார்த்துச் சொன்னார். "நாலாம் நம்பரு, திங்கக்கெயமலேர்ந்து நீ வராதே. கான்ட்ராக்டர் கைல சொல்ட்டேன். வேற ஆளு வருது."

"சார், நான் இன்னா சார் பண்ணேன்?"

"என்னக் கேட்டா? மிசினு சொல்து. மிசினு கைல சண்ட போடு."

அப்போதுதான் திரையில் நின்றுபோயிருந்த சக்கரத்தைச் சரியாகப் பார்த்தேன். பதிமூன்றிலும் சிவப்பு ஒரே இடத்தில் இருந்தது. உள்வழி குறுகித் திரும்புகிற அந்த மூலை. கோர் உடைகிற மூலை. நான் விரலால் அடைக்கிற மூலை. படம் புரிய எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. என் கட்டைவிரலுக்கே அது தெரிந்துவிட்டது.

வாய் திறக்கவில்லை நான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாப்பாட்டு வேளையில் அவள் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் நெத்திலியில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, மெய்யாலுமே கேக்கறேன். என் கைல இன்னா கோளாறு? நீ அடிக்கிற மாதிரிதானே நானும் மணலு அடிக்கிறேன்?"

"சாப்புடு மொதல்ல."

"பெரியவ பரீச்சைக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது. இப்பப் போயி வேல இல்லன்னா நான் எங்க போவேன்?"

"சாப்புடு சொல்றேன்."

முப்பது வருஷமாகச் சேர்த்த நல்ல பெயரை விட மனசில்லாமல் அடுத்த முள்ளை எடுத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷிப்டு மணி அடிப்பதற்கு முன்பே போய் இன்ஜினியர்ப் பெண்ணின் அறை வாசலில் நின்றேன். ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். பாதி சொல்லிப் பாதி மறைக்கிற வேலை கிடையாது. முழுதாகச் சொல்ல வேண்டும், யார் என்ன நினைத்தாலும் சரி.

"நாலாம் நம்பருக்காரி கோர்ல தப்பு இல்ல பாப்பா. ஒடஞ்ச கோரு அது. ஒட்னது நானு."

அவள் புரியாமல் பார்த்தாள். முதலிலிருந்து சொன்னேன். பாகு, பொடி மணல், கரண்டிக் காம்பு, கறுப்புப் பூச்சு, எல்லாம். கேட்டுக்கொண்டே வந்தவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"எத்தனை வருஷமா இது நடக்குதுங்கம்மா?"

"நீ பொறக்கறத்துக்கு முன்னாலேர்ந்து."

"அப்போ சிவப்புப் பட்டனை ஏன் யாருமே தொடலைங்கிறதுக்கு இதுதான் காரணமுங்களா? இங்க யாருக்குமே கோர் உடையறதில்லைன்னு நான் ரிப்போர்ட்டே எழுதி வெச்சிருக்கேனுங்கம்மா."

நியாயமான கேள்வி ஒன்றும் கேட்டாள். "நீங்க சொல்றதை நான் நம்பறேன். மேல இருக்கறவங்க நம்பணுமே. எது நீங்க ஒட்டுனது, எது ஒட்டாததுன்னு எப்படிங்கம்மா பிரிக்கிறது?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒட்டி முடித்ததும், கோரின் வாய்ப் பக்கத்தில் இடது கட்டைவிரல் நகத்தை ஒரு அழுத்து அழுத்துவேன். யாருக்கும் சொன்னதில்லை. என் கை பட்டது என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்கிற திமிர். மணலில் பள்ளம் விழுந்தால் இரும்பில் அது மேடாக வரும். அந்த நகம் பல வருஷம் முன்பு பெட்டி விழுந்து நடுவில் பிளந்தது. அதனால் என் நகம் பதிகிற பிறைக்கு நடுவில் ஒரு வெட்டு இருக்கும்.

நகத்தை நீட்டிக் காட்டினேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஏதோ தேடினாள். சக்கரம் வார்த்த அன்றே அதைப் படம் பிடித்து வைப்பது அவர்கள் வழக்கமாம். அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். வாய்ப் பக்கம் வழவழவென்று இருந்தது. பிறையும் இல்லை, ஒன்றும் இல்லை.

பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாளோ?

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ. இது சுத்தம் பண்ணுன படமுங்கம்மா. சின்னச் சின்ன மேடு எல்லாம் பிசிறுன்னு நெனச்சு, கம்ப்யூட்டரையே தேய்ச்சுவிடச் சொல்லியிருந்தேன். பாக்க அழகா இருக்கட்டும்னு."

"அப்ப போயிடுச்சா?"

"இல்லீங்க. தேய்க்காத படம் தனியா இருக்கும்."

அதைத் திறந்தாள். கரடுமுரடாக ஒரு சக்கரம் வந்தது. வாய் ஓரத்தில் சின்னதாக ஒரு பிறை, நடுவில் வெட்டு. என் நகத்தைத் திரைமேல் வைத்தேன். அவள் அடுத்ததைத் திறந்தாள். அதிலும் இருந்தது.

சூப்பர்வைசர் வந்து விஷயம் தெரிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னா பெரீம்மா, சும்மா கெடக்கறத இன்னாத்துக்கு நோண்டறே? நாலாம் நம்பரு போனா மேட்டரு முடிஞ்சிது. இப்ப உன் பேரு நாறப் போது."

"நாறட்டும். நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரிய வேணாமா?"

"உன்ன வூட்டுக்கு அனுப்பிட்டா?"

"அனுப்பு. தப்பு பண்ணாம நிக்கிறவள அனுப்பாத."

முதலாளி வந்தார். நம்பாமல் ஒரு சக்கரத்தை அறுக்கச் சொன்னார். அறுத்த இடத்தில், ஒட்டுப் போட்ட மூலையில், இரும்பின் தோலுக்கு அடியில் ரவை கொட்டினது போலப் பொடிப்பொடி ஓட்டைகள். பாகு மேலுக்குத்தான் காய்ந்திருக்கிறது. உள்ளே இருந்த ஈரம் உருகிய இரும்பு பட்டதும் ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே குமிழ் கட்டிவிட்டது. சாம்பல் சேறு தோலை அரித்ததும் சக்கரம் பொத்துப்போகிறது. இன்ஜினியர்ப் பெண் இதையெல்லாம் விளக்கும்போது நான் அந்த ஓட்டைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாத வேலை என்று பெருமைப்பட்டேனே. உள்ளே இப்படி இருந்திருக்கிறது.

முதலாளி அறுத்த துண்டைக் கீழே வைத்தார். "ஒட்டறதை இன்னையோட நிறுத்துங்க" என்றார். நான்காம் எண் வேலையில் இருக்கட்டும் என்றார். எதிர் மேசைப் பெட்டியின் மூலையை ஆசாரியை விட்டுச் சரிசெய்யச் சொன்னார்.

நான் நகரவில்லை. "நிறுத்திடறோம் சார். ஆனா ஒண்ணு. ஒட்டி, அடுப்புல வெச்சு, உள்ள வரைக்கும் காயவெச்ச கோரு தாங்குமா தாங்காதான்னு பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க. மூணே மூணு. என் நம்பர்லயே போடுங்க. பொத்துப்போனா நானே வூட்டுக்குப் போறேன்."

அவர் இன்ஜினியர்ப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அந்த மூன்று சக்கரங்களும் இப்போது பம்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்றுவரை பச்சை. எட்டு மாதம் ஆகட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

எதிர் மேசைக்காரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று யாராவது நினைத்தால் அவளைத் தெரியாது என்று அர்த்தம். நானே போய்ச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு என் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"நேத்து சோறு துன்னும்போது உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே முள்ளு எடுத்துகினு இருந்தே?"

"ஆமா."

"நான் எங்க போவேன்னு கேட்டேன். சாப்புடுன்னே."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். அன்று அவள் சாப்பாடு வேறு இடத்தில்.

சனிக்கிழமை எண் மாற்றும் வேலை நடந்தது. ஒட்டிய கோர் ஒட்டியவள் எண்ணில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரட்டை பொய் சொல்லும் என்றாள் இன்ஜினியர்ப் பெண். அது எனக்கும் சரியாகப் பட்டது. சூப்பர்வைசர் மட்டும், "பேஜாரு புடிச்ச வேல, பழச அப்டியே உட்டுட்டு புதுசா ஆரம்பிங்களேன்" என்றார். கூடாது என்றேன். பதிமூன்று சிவப்போடு அவள் எண் கிடந்தால், நாளைக்கு வேறு யாராவது வந்து அதைப் பார்த்து மறுபடி அவளைத்தான் அனுப்புவார்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மற்ற மேசைகளின் ஒன்றிரண்டை முடித்துவிட்டு, இன்ஜினியர்ப் பெண் நான்காம் எண்ணின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பிறையைப் பார்த்து, "என்னுது" என்பேன். நான்கிலிருந்து ஒன்றுக்குப் போகும். முதலில் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். ஐந்தாவதுக்கு அப்புறம் சத்தமாகவே சொன்னேன். "என்னுது. என்னுது." எதிர் மேசைக்காரி எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. மணலில் கலக்கிற மருந்தின் வாசனை வந்துதான் திரும்பிப் பார்த்தேன். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதில் பிறை இல்லை. பதிமூன்றாவதிலும் இல்லை. இன்ஜினியர்ப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ரெண்டுலயும் உங்க நகம் இல்லீங்களேம்மா."

நான் யோசிக்கவில்லை. "அதுவும் என்னுதுதான். நகம் வெக்க மறந்திருப்பேன். சேத்துப் போடு."

பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்டி ஒண்ணியும் இல்ல. அந்த ரெண்டும் என்னுது."

"கம்முனு இரு" என்றேன்.

"நீ கம்முனு இரு யக்கா. நீ ரெண்டு நாளு ஜொரத்துல வரல, நெனப்பு கீதா? அப்ப ஒடஞ்சிச்சு. நானே ஒட்டிகினேன். ஒட்டத் தெரியாம ஒட்டினேன். அது என்னுது."

"ரெண்டுதானே. என் மேலயே கெடக்கட்டுமே. உனக்கு சுத்தமா ஆயிடும்."

"இத்தினி நாளு உன் தப்பு என் மேல கெடந்திச்சு. இப்ப என் தப்பு உன் மேல கெடக்கணுமா? இன்னா யக்கா வெளாடறியா? பதினொண்ணு உனக்கு. ரெண்டு எனக்கு. மேடம், நீ போடு."

இன்ஜினியர்ப் பெண் என்னைப் பார்த்தாள். இருபது வருஷம் இளையவள், அவள் சொல்வதுதான் சரி.

"அவ சொல்ற மாதிரியே போடு பாப்பா."

திங்கட்கிழமை காலை அவள் தன் மேசையில் நின்றாள். ஆசாரி இழைத்துச் சரிசெய்த பெட்டியை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். நான் என் மேசையில் நின்றேன். அவள் அன்று அடித்த கோர் ஒன்றுகூட மூலையில் உடையவில்லை என்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் டப்பாவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து என் முன்னால் தள்ளினாள்.

"சாப்புடு" என்றாள்.

சாப்பிட்டேன்.